சர்க்கரை 168தான், அப்புறம் ஏன் ஐசியூ?

தென் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"அப்பாவுக்கு 61 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. வருடா வருடம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பார். காலையும் இரவும் ஒரு டம்ளர் பால், நடுவில் ஒரு பழம், அவ்வளவுதான். இந்த முறை நான்காம் நாளே குமட்டுகிறது என்றார். ஐந்தாம் நாள் காலையில் பக்கத்தில் போனால் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை அடித்தது. மூச்சும் வாங்கியது. வீட்டு மெஷினில் பார்த்தோம், சர்க்கரை 168. 'நல்லாத்தானே இருக்கு, உடம்புல கொழுப்பு கரையுது' என்றார் சித்தப்பா. சாயங்காலம் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். லேபில் சிறுநீர் பார்த்ததில் சர்க்கரை நான்கு பிளஸ், அசிட்டோன் இரண்டு பிளஸ். மருத்துவமனையில் நேராக ஐசியூ. ஒரு கையில் குளுக்கோஸ், இன்னொரு கையில் இன்சுலின். இரண்டரை நாள் இருந்தார். இப்போது நன்றாக இருக்கிறார். 168 சர்க்கரைக்கு ஐசியூ எதற்கு? குளுக்கோஸையும் ஏற்றி இன்சுலினையும் ஏற்றுவது பில்லுக்காகத்தானே என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகனோ, அசிட்டோன் பெயிண்டைக் கரைக்கிற திரவம், அது தாத்தா உடம்பில் எப்படி வந்தது, கீட்டோன் என்றாலே விஷமா என்கிறான். அப்பா அடுத்த வருடமும் விரதம் இருப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். என்ன செய்வது?"

கடிதத்தோடு மருந்துச் சீட்டு, சிறுநீர் ரிப்போர்ட் இரண்டின் நகலும் இருந்தன.

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா நல்லபடியாக வீடு திரும்பியது பெரிய நிம்மதி. வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விக்கே முதலில் வருகிறேன். பில்லின் ஒவ்வொரு வரியும் சரியா என்று நான் சொல்ல முடியாது, நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் குளுக்கோஸும் இன்சுலினும் சேர்த்து ஏற்றியது சரியான சிகிச்சை. அந்த இரண்டும் சேர்ந்துதான் அப்பாவைக் காப்பாற்றின. ஐசியூவும் வேண்டியதுதான். இன்னும் ஓர் இரவு வீட்டிலேயே வைத்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களில் இரண்டு வரிகள். சிறுநீர் ரிப்போர்ட்டில் சர்க்கரை நான்கு பிளஸ். மருந்துச் சீட்டின் இரண்டாவது வரியில் டாபாக்ளிஃப்ளோசின் 10 மில்லிகிராம்.

இரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். 168 இருக்கிறவருக்குச் சிறுநீரில் நான்கு பிளஸ் வரக்கூடாது. வந்திருக்கிறது என்றால் சிறுநீரகத்தில் யாரோ கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதைத்தான் இந்த மாத்திரை செய்கிறது. நம் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஏறக்குறைய முழுவதையும் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். '-க்ளிஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகள் அந்தத் திருப்பி அனுப்பும் வேலையைத் தடுக்கின்றன. நாளொன்றுக்கு 60, 70 கிராம் சர்க்கரை சிறுநீரோடு போய்விடும். நல்ல மாத்திரைதான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2020-ல் இந்தியாவில் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு, நம் ஊர்களில் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். ஆகவே இதை நான் குறை சொல்ல வரவில்லை. பட்டினியோடு சேர்ந்தால் மட்டும் இது வேறு முகம் காட்டும் என்பதை எல்லா வீடுகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டினியில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கல்லீரலில் சுமார் 100 கிராம் சர்க்கரை கையிருப்பாக இருக்கும். ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் அது கிட்டத்தட்ட காலி. மூளைக்கு மட்டுமே நாளொன்றுக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு ஏராளமாக இருக்கிறது, ஆனால் மூளை கொழுப்பை நேரடியாக எரிக்காது. அதனால் கல்லீரல் அந்தக் கொழுப்பை எடுத்து, மூளைக்குப் பிடிக்கிற மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளாக்கிக் கொடுக்கிறது. அவைதான் கீட்டோன்கள். நீண்ட பட்டினியில் மூளையின் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வரை இவையே ஈடுகட்டும். சமைத்துப் போடுகிற கல்லீரலால் இதைச் சாப்பிட முடியாது என்பது ஒரு விசேஷம். அதற்கான நொதி அதனிடம் இல்லை. ஆக்கியது எல்லாம் மற்ற உறுப்புகளுக்கே. இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும். பஞ்ச காலங்களில் நம் முன்னோரைப் பிழைக்க வைத்தது இதுதான்.

ஆக சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை. கொழுப்பு கரைந்தது நிஜம். ஆனால் எவ்வளவு கரைய வேண்டும் என்று முடிவு செய்கிற மதகு ஒன்று உண்டு. அதுதான் இன்சுலின். நல்ல உடம்பில் ஆறு நாள் பட்டினி கிடந்தாலும் கணையம் கொஞ்சம் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். கீட்டோன் அளவுக்கு மீறாமல் அது பார்த்துக்கொள்ளும். 12 வருடச் சர்க்கரையில் அப்பாவின் கணையம் ஏற்கெனவே களைத்திருக்கிறது. மாத்திரை சர்க்கரையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சாப்பாடும் இல்லை. 'சர்க்கரை குறைவாகத்தானே இருக்கிறது' என்று கணையம் இன்னும் கையைச் சுருக்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, இன்சுலினுக்கு எதிராளியான குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறுகிறது. மதகு திறந்துகொண்டது. கொழுப்பு வெள்ளமாகக் கல்லீரலுக்குள் போய் கீட்டோனாக வெளியே வந்தது. மெஷினில் தெரிவது சர்க்கரை மட்டும்தான். அது 168 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த ஆபத்தைப் பற்றி 2015-லேயே எச்சரித்தது. சர்க்கரை அதிகம் ஏறாமலே வரும் கீட்டோ அமிலத்தேக்கம் இது. மருத்துவர்கள் டயாபெட்டிக் கீட்டோஅசிடோசிஸ், சுருக்கமாக டிகேஏ என்பார்கள். வழக்கமான டிகேஏவில் சர்க்கரை 300, 400, 500 என்று போகும், வீட்டிலேயே பயந்து தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இதில் அந்த மணி அடிப்பதில்லை.

இப்போது குளுக்கோஸுக்கும் இன்சுலினுக்கும் வருவோம். அப்பாவுக்கு இன்சுலின் போட்டது சர்க்கரையைக் குறைக்க அல்ல, அந்த மதகை மூட. இன்சுலின் போனால்தான் கொழுப்பு கரைவது நிற்கும், கல்லீரல் கீட்டோன் ஆக்குவதை நிறுத்தும். ஆனால் 168 இருக்கிறவருக்கு இன்சுலினை மட்டும் ஏற்றினால் சர்க்கரை தரைக்குப் போய் மயங்கிவிடுவார். அதனால் மறு கையில் குளுக்கோஸ். அதோடு இன்சுலின் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துவிடும், பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். மணிக்கொரு தரம் சர்க்கரை, சில மணிக்கொரு தரம் உப்புச்சத்து, இரத்தத்தின் அமிலத்தன்மை எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சாதாரண வார்டில் செய்வது கஷ்டம்.

அந்த வாடையும் மூச்சு வாங்கியதும் தனித்தனி விஷயங்கள். கீட்டோன் என்று நாம் சொல்கிறவை மூன்று பேர்: அசிட்டோ அசிட்டிக் அமிலம், பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலம், அசிட்டோன். முதல் இரண்டும் அமிலங்கள். ஆபத்து இவற்றால்தான். இரத்தத்தின் அமிலத்தன்மையைச் சொல்லும் பிஹெச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்த அமிலங்கள் சேரச் சேர அது கீழே இறங்கும், 7.3-க்குக் கீழே போனால் டிகேஏ. உடம்பு சமாளிக்கப் பார்க்கும். அமிலத்தை நடுநிலையாக்கும்போது உண்டாகிற கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து விடும். நுரையீரலில் கோளாறு எதுவும் இருக்காது, ஆனாலும் ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கும். ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் 1874-ல் விவரித்ததால் அந்த மூச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அசிட்டோன் அமிலமே அல்ல. அசிட்டோ அசிட்டிக் அமிலம் இரத்தத்தில் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டு அசிட்டோனாக மாறும். அது 56 டிகிரியிலேயே கொதிக்கிற திரவம், எளிதில் ஆவியாகும், அதனால் மூச்சில் வந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் அசிட்டோன் இருப்பதை 1857-லேயே பெட்டர்ஸ் என்பவர் கண்டுவிட்டார். உங்கள் மகன் சொல்வது சரி, கடையில் பாட்டிலில் விற்கிற அதே மூலக்கூறுதான், துளியும் வித்தியாசம் இல்லை. ஆனால் அப்பாவைச் சாய்த்தது அது அல்ல. உள்ளே அமிலம் நிறைகிறது என்று வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போகிற ஆள் அது. ஒன்று மட்டும், சிலருக்கு இந்த வாடை மூக்கில் ஏறவே ஏறாது. வீட்டில் ஒருவர் 'எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே' என்றால் அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

ரிப்போர்ட்டில் இருந்த 'அசிட்டோன் இரண்டு பிளஸ்' பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தொழில். நான் மருத்துவமனை உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். இப்போது சோதனைப் பட்டையைச் சிறுநீரில் முக்கி நிறம் பார்க்கிறோம். நான் படித்த காலத்தில் ரோதெரா சோதனை. கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி சிறுநீர் எடுத்து, அம்மோனியம் சல்பேட் உப்பை இனிக் கரையாது என்கிற வரைக்கும் போட்டுக் குலுக்குவோம். சோடியம் நைட்ரோபுருசைடு சேர்ப்போம். அப்புறம் குழாயைச் சாய்த்து, ஓரத்தில் வழிகிற மாதிரி அம்மோனியாவை மெதுவாக விட வேண்டும். கண் எரியும். இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில், நாவல் பழச் சாறு மாதிரி ஓர் ஊதா வளையம் மிதந்து நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு அப்படி ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளையம் வெளிறிப்போய் இருந்தது. 'லேசாக உள்ளது' என்று எழுதி அனுப்பினேன். வார்டில் இருந்த பெண்ணோ நினைவு தப்பிக்கொண்டிருந்தார். அங்கிருந்த மூத்த மருத்துவர் காகிதத்தை நம்பாமல், மூச்சைப் பார்த்தே சிகிச்சையைத் தொடங்கியதால் அவர் பிழைத்தார். ஏன் அப்படி ஆயிற்று? இந்தச் சோதனை காட்டுவது முக்கியமாக அசிட்டோ அசிட்டிக் அமிலத்தை. பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலம் எவ்வளவு இருந்தாலும் இதில் நிறம் வராது. சாதாரண நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். டிகேஏவில் அந்த இரண்டாவது ஆள் மூன்று மடங்கு, சில சமயம் பத்து மடங்கு வரை போய்விடுவார். பெரும்பங்கு அமிலம் சோதனையின் கண்ணில் படாமலே இருக்கும். அன்றைக்குப் பிறகு ஊதா நிறம் வெளிறி வந்தால் வார்டுக்கு ஒரு போன் போடாமல் நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆகவே அப்பாவுக்கு வந்த இரண்டு பிளஸ் சின்ன விஷயம் அல்ல. சிறுநீரில் இரண்டு பிளஸ் என்பதை டிகேஏவின் அளவுகோல்களில் ஒன்றாகவே 2024-ல் வெளிவந்த சர்வதேச நெறிமுறை வைத்திருக்கிறது. விரலில் குத்தி இரத்தக் கீட்டோன் பார்க்கிற கருவியும் இப்போது கிடைக்கிறது. அது பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலத்தையே அளக்கும். 0.6-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 3 வந்தால் யாரையும் கேட்காமல் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

உங்கள் மகனுக்குத் தனியாக நாலு வார்த்தை. தம்பி, கீட்டோன் என்பது குணத்தின் பெயர் அல்ல, உருவத்தின் பெயர். ஒரு கார்பன், அதோடு இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன், அந்தக் கார்பனுக்கு இரு பக்கமும் கார்பன். அவ்வளவுதான் நிபந்தனை. ஜெர்மானியர் லியோபோல்ட் க்மெலின் 1848-ல் 'அகெட்டோன்' என்ற சொல்லைக் கத்தரித்து இந்தப் பெயரை வைத்தார். மூன்று கார்பனோடு குடும்பத்திலேயே சின்னவன் அசிட்டோன். இப்போது வீட்டைச் சுற்றிப் பார். பழத்தில் இனிக்கிற ஃபிரக்டோஸ் ஒரு கீட்டோன் சர்க்கரை. பாட்டி வெண்ணெய் எடுக்கும்போது வருகிற வாசனையில் டைஅசிட்டைல் இருக்கிறது, இரண்டு கீட்டோன்கள் ஒட்டிக்கொண்டது. மல்லிகையில் ஜாஸ்மோன். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின். உன் உடம்பில் ஓடுகிற டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் இரண்டிலும் கீட்டோன் உண்டு. புதினாவை முகர்ந்துவிட்டு நாட்டு மருந்துக் கடைச் சதகுப்பையை முகர்ந்து பார். இரண்டிலும் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற ஒரே கீட்டோன். அணுக்கள் அதே, வரிசையும் அதே, ஆனால் இடது கையும் வலது கையும் மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். நம் மூக்கு அதைக் கண்டுபிடித்து இரண்டு வாசனையாகச் சொல்லிவிடுகிறது. எத்தனையோ வருடம் ஆகியும் இதை முகரும்போது எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

பூஜை அறைக் கற்பூரமும் கீட்டோன்தான். அது மட்டும் உண்மையிலேயே எச்சரிக்கை வேண்டிய பொருள். சின்னக் குழந்தை ஒரு துண்டை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். கைக்கு எட்டாமல் வையுங்கள். பார், ஒரே குடும்பத்தில் பழச்சர்க்கரையும் இருக்கிறது, கற்பூரமும் இருக்கிறது. குடும்பப் பெயரை வைத்து விஷமா இல்லையா என்று சொல்ல முடியாது. இன்னொரு வேடிக்கை: தாத்தாவை அதிகம் வாட்டிய பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலத்தின் அமைப்பை வரைந்து பார். கீட்டோனுக்குரிய இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஹைட்ராக்சில்தான் இருக்கும். வேதியியல்படி அது கீட்டோனே அல்ல, மருத்துவத்தில் கூட்டத்தோடு சேர்த்துக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அந்த மாத்திரையின் வம்சாவளியையும் கேள். 1835-ல் ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து ஃபுளோரைசின் என்றொரு கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். 1886-ல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் மேரிங் அதைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. அதிலிருந்து தொடங்கிய தேடல்தான் நூறு வருடத்துக்கு மேல் கழித்து இந்த மாத்திரைகளில் வந்து நின்றது. அந்த ஃபுளோரைசினும் ஒரு கீட்டோன்தான்.

சரி, விரதத்துக்கு வருவோம் சகோதரி. அப்பாவின் பக்தியில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஆறு நாள் பாலும் பழமும் மட்டும் என்பது இனி அவருக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவரிடம் பேசும்போது பயமுறுத்தாமல், ஒரு வேளை உணவு எடுத்துக்கொண்டு ஆறு நாளும் விரதம் இருக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்களே என்று சொல்லிப் பாருங்கள். அப்படி இருப்பதானாலும் பத்து நாள் முன்னதாகவே மருத்துவரைப் பார்த்து, என்ன மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று எழுதி வாங்கிவிட வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பு டாபாக்ளிஃப்ளோசினை மூன்று நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். விரதம் தொடங்கும் காலையில் நிறுத்தினால் போதாது, மருந்தின் வேலை உடம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் விரதம் என்று சொல்லி அதைத் தாமாக முழுவதும் நிறுத்தவே கூடாது.

விரதம் மட்டும் அல்ல. வாந்தி பேதி வந்து இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை என்றாலும், எடை குறைக்கிறேன் என்று சோற்றை அடியோடு விட்டாலும் இதே கதைதான். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற கீட்டோ உணவுமுறை 1921-ல் வலிப்பு நோய்க் குழந்தைகளுக்காக மருத்துவர்கள் மேற்பார்வையில் வந்த சிகிச்சை. க்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர் வீடியோ பார்த்துத் தொடங்குகிற விஷயம் அல்ல. சித்தப்பாவுக்கும் சர்க்கரை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய சீட்டையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அந்த மாத்திரையை அப்பா மறுபடி சாப்பிடலாமா என்பது அவருடைய மருத்துவரின் முடிவு. இப்படி ஒருமுறை வந்த பிறகு பெரும்பாலும் மறுபடி தொடங்க மாட்டார்கள். வீட்டில் பழைய அட்டை மிச்சம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'க்ளிஃப்ளோசினால் கீட்டோஅசிடோசிஸ்' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும், மருந்துக் கடைக்குப் போனாலும் அந்தத் தாள் முதலில் மேஜையில் இருக்கட்டும். இந்த மாத்திரை வேறு மாத்திரையோடு சேர்ந்து, வேறு வேறு கம்பெனிப் பெயரில் வருகிறது. மேலே பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்காமல், கீழே பொடி எழுத்தில் 'க்ளிஃப்ளோசின்' என்று முடிகிறதா என்று பார்க்க உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவன் கண் நல்ல கண்.